கல்லுக்குள் இருந்த காற்று

எங்கள் வீட்டில் பால் காய்ச்சுவது எப்போதும் நான்தான். தங்கை வைத்தால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிடும். நின்று பார்க்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது, எனக்கு அது ஒன்றுதான் உண்டு. உட்காருங்கள், காபி கலந்து தருகிறேன். அவள் கம்பளிச் சட்டை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். உங்கள் ஊர்க் குளிரைப் பற்றி நீங்கள் சொன்னதிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். ஒரு கடைக்குள் நுழைந்தால் இலேசில் வெளியே வருகிற ஆள் இல்லை அவள். நமக்கு நேரம் இருக்கிறது.

நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் மழுப்பினேன். அவள் பக்கத்தில் இருந்தாள், அதனால். இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிப்பேனா என்று எனக்கே தெரியாது.

உங்கள் கேள்வி நியாயமானது. தங்கையின் கணவர் இறந்துகிடந்தபோது அவர் பையில் ஒரு விண்கல் இருந்தது. அதை அவள் உங்களுக்கு அனுப்பினாள், நீங்கள் உருக்கிப் பார்த்தீர்கள், உள்ளே செவ்வாய்க் கிரகத்தின் காற்று இருந்தது. அதற்கு முன்னால் அவர் பொறுக்கிவந்த முதல் கல்லில் உருக்காமல் மிஞ்சியதும் அதே பாறையிலிருந்து தெறித்த துண்டுதான் என்று உங்கள் நுண்ணோக்கி சொல்கிறது. அப்படியானால் அந்த முதல் கல்லை நான் உருக்கியபோது மட்டும் நம் பூமிக் காற்று எப்படி வந்தது? என் குழாய்களில் எங்காவது கசிவு இருந்திருக்குமோ என்று மரியாதையாகக் கேட்டீர்கள்.

கசிவு இல்லை. அந்தக் குழாய்களை நானே பற்றவைத்து, நானே சோதித்து, வருஷக்கணக்காகக் கட்டிக் காத்தேன். ஆனால் அந்த வீம்புக்காக இதைச் சொல்லவில்லை. உள்ளே வைத்துப் பூட்டிப் பூட்டி எனக்கு முடியவில்லை. சோறு இறங்க மாட்டேன் என்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும், அது விஷயம் தெரிந்தவராக இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து சேர்ந்தீர்கள்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்த புதிது. நான்தான் வளர்த்தேன். தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன், முதலில் கோணலாகத்தான் வரும், அதோடேயே பள்ளிக்கூடம் போவாள். பாப்பா என்று கூப்பிட்டுப் பழகி, அவள் டீச்சராகி நாலு பிள்ளைகளை அதட்டுகிற வயசுக்கு வந்த பிறகும் பாப்பாதான். எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் முதலில் பாப்பாவுக்கு ஆகட்டும் என்றேன். அவளுக்கு ஆன பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்தவனும் நான்தான். ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர், ஓட்டல் சாப்பாட்டில் இளைத்துப் போயிருந்தார், ஒரு வேளை நம் வீட்டில் சாப்பிடட்டும் என்று கூப்பிட்டேன். சாப்பிட வந்த மனுஷர் அப்படியே மாப்பிள்ளையாகிவிட்டார். மாடி அறையில் அவர்கள், கீழே நான். தனியாகப் போகிறோம் என்று இருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு அதில் பரம திருப்தி. மேசையில் மூன்று தட்டு வைக்கும்போது இப்படியே காலம் ஓடிவிடும் என்றுதான் நினைப்பேன்.

நல்ல மனுஷர். வாய் மட்டும் ஓயாது. சாப்பிடும்போது என்னைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது.

"உங்க அண்ணனும் ஆர்கானும் ஒண்ணு. யாரோடயும் சேராது, எதையும் பத்திக்காது, ஒரு மூலையில கம்முனு கிடக்கும்" என்பார் தங்கையிடம்.

"எங்க அண்ணனைச் சொல்லலைன்னா உங்களுக்குத் தூக்கம் வராதே" என்று அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். ஆர்கான், நியான், செனான் என்கிற மந்த வாயுக்கள் எதோடும் ஒட்டாது, எதாகவும் மாறாது. அதனால்தான் அவற்றை நம்பலாம். செவ்வாயில் ஏதோ பெரிதாக வந்து மோதி, பாறை தெறித்து வெளியே பறக்கிறபோது, அந்த அடியில் பாறையின் ஒரு மூலை உருகிக் கண்ணாடியாகிறது. அங்கே இருந்த காற்றில் ஒரு துளி அந்தக் கண்ணாடிக்குள் மாட்டிக்கொள்கிறது. மற்றதெல்லாம் கரைந்தோ கலந்தோ போனாலும் மந்த வாயு அப்படியே இருக்கும். நம் காற்றில் இலேசான ஆர்கான் ஒரு பங்கு என்றால் கனமானது முந்நூறு பங்கு. செவ்வாயில் அது ஐந்தாறு மடங்கு அதிகம். அங்கே போய் இறங்கிய கலம் அளந்து சொன்ன கணக்கு அது. ஆகவே கல்லை உருக்கி, உள்ளே இருப்பதை எண்ணினால், எந்த வீட்டுப் பிள்ளை என்று கல்லே சொல்லிவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பனிக்காலத்தில் உப்புப் படுகையில் நடந்து நடந்து மாப்பிள்ளை பொறுக்கியது அந்த முதல் கல். கை நிறைய வரும். அதில் ஒரே ஓர் இடத்தில், அவரைக்கொட்டை அளவுக்குக் கறுப்புக் கண்ணாடி. மற்ற இடமெல்லாம் வெறும் பாறை. ஆக, உருக்கிப் பார்க்க ஒரே தடவைதான் முடியும். உருக்கிவிட்டால் போச்சு. மாப்பிள்ளை அதைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்துக்கொண்டு, இது செவ்வாய்தான் என்று ஆய்வுக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். எங்கள் தலைவருக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே ஆகாது.

"காத்தைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம். இல்லைன்னா கல்லோட சேர்த்து உங்க ஒப்பந்தத்தையும் மூட்டை கட்டிடுவோம்" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் தூர தேசத்து ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. காற்று செவ்வாயினுடையது என்று நிரூபணமானால் அங்கே நிரந்தர வேலை, குடும்பத்தோடு வரலாம், வீடும் தருகிறோம். ஆக, அந்த அவரைக்கொட்டையில் எல்லாம் இருந்தது. சரியாக வந்தால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். தப்பாக வந்தால் அவருக்கு வேலை போய்விடும், ஆனால் வீட்டில் இருப்பார்கள். எனக்கு இது முதலில் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. தங்கை போய்ப் பெரிய பெட்டி ஒன்று வாங்கிவந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. சிவப்புப் பெட்டி, சக்கரம் வைத்தது. அதைக் கூடத்தில் இழுத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்து காட்டினாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வளர்த்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எரிந்தது.

"அண்ணா, நீயும் கிளம்பி வந்துடேன்" என்றாள்.

"நான் அங்க வந்து என்ன பண்ணப்போறேன்?" என்றேன். இன்னொரு தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் பெட்டியின் பூட்டைத் திறந்து பார்ப்பதில் மும்முரமாகிவிட்டாள்.

கல்லை உருக்க வேண்டிய நாளில் மாப்பிள்ளை காலையிலிருந்து நகத்தைக் கடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், எப்படியும் சூடேற நேரமாகும் என்றேன். போக மனசில்லாமல் போனார். கதவருகே நின்று, "மச்சான், உங்க கையில கொடுத்துட்டேன்" என்றார்.

செய்முறை உங்களுக்கும் அதேதான். கல்லில் கண்ணாடி இருக்கிற துண்டை மட்டும் வெட்டியெடுத்து வெற்றிட உலைக்குள் இறக்கி, பம்புக்குப் போகிற வால்வைத் திறந்துவைத்து, முதலில் இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். கல்லின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற நம் காற்று அதில் போய்த் தொலையும். பிறகு வால்வை மூடிவிட்டுச் சூட்டை ஏற்றிக் கல்லை உருக்க வேண்டும். அப்போது உள்ளிருந்து வருவதுதான் கல்லின் சொந்தக் காற்று. நான் ஒரு காரியத்தை மட்டும் மாற்றினேன். வால்வை மூடாமல் சூட்டை ஏற்றினேன்.

இல்லை, அதற்கு முன்னால் இன்னொன்றும் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இளக ஆரம்பித்தபோது எனக்கு ஆசை அடங்கவில்லை. கொஞ்ச நேரம் வால்வை மூடி, வந்த காற்றில் ஒரு துளியை மெஷினுக்கு அனுப்பிப் பார்த்தேன். எண்கள் வந்தன. கனமான ஆர்கான் எக்கச்சக்கம். செனானிலும் அதே கதை. செவ்வாய்தான், சந்தேகமே இல்லை. இன்னொரு உலகத்தின் காற்று என் குழாய்க்குள் வந்து நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் இல்லை. நான் அந்த எண்களை அழித்தேன், மெஷினைக் காலி செய்தேன், வால்வை முழுக்கத் திறந்து சூட்டை உச்சத்துக்குக் கொண்டுபோனேன். அழுத்தமானியின் முள் கொஞ்சம் எழும்பி, நின்று, இறங்கியது. பம்பிலிருந்து போகிற ரப்பர் குழாய் பின்பக்கச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே கணக்குப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் நின்று யாருடைய மாற்றலைப் பற்றியோ வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெறும் குழாயை அளந்தால் ஒன்றுமே வராது, அது சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். அதனால் பக்கத்து வால்வைத் தொட்டுத் திருகி அறைக்காற்றைத் துளி உள்ளே விட்டேன். மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க வந்தபோது அதைத்தான் இருவருமாக அளந்தோம். திரைக்குக் கிட்டே குனிந்து எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"மச்சான், இது நம்ம காத்து."

"ஆமா மாப்பிள்ளை" என்றேன்.

அன்றைக்கு என் கை நடுங்கவில்லை.

கூட்டத்தில் தலைவர், ஆற்று மணலிலும் இதே காற்றுதான் இருக்கும், அதையும் உருக்கிப் பார்த்திருக்கலாமே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் கூடவே சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்தது. தூர தேசத்திலிருந்து இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தார்கள். சிவப்புப் பெட்டியை நான்தான் முக்காலி போட்டு ஏறிப் பரணில் வைத்தேன். தங்கை கீழே நின்று முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். இதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும், அவருக்கு வேறு ஏதாவது வேலை பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். இரண்டு மூன்று இடத்தில் சொல்லியும் வைத்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஆனால் அவர் மூளைக்காரர். சும்மா இருக்கமாட்டார். மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார், மீதி நேரமெல்லாம் யோசனை. ஒரு நாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சமையலறைக்கு வந்து நின்றார்.

"மச்சான், ஒரு சந்தேகம். இளஞ்சூடுன்னு நாம நினைச்சுக்கிட்டு இருந்தப்பவே கல்லு உருகியிருந்தா? பம்பு திறந்திருக்கும். எல்லாம் போயிருக்கும் இல்ல?"

கிட்டத்தட்ட அப்படியே சொல்கிறார். இன்னும் ஓர் அடி வைத்தால் அது யார் கை என்றும் கேட்டுவிடுவார். நாளைக்கு உலையைத் திறந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அவரை வரச் சொல்வதற்கு முன்னால் நான் போய் உலையைத் திறந்தேன். உள்ளே சூட்டைக் காட்டுகிற தெர்மோகப்பிள் கம்பி இருக்கிறதல்லவா, அதை அந்த உலையில் பொருத்தியவர் மாப்பிள்ளை. எனக்கு அப்போது கண் மங்கலாக இருந்தது, நீங்களே வைத்துவிடுங்கள் என்று நான்தான் கொடுத்திருந்தேன். அழகாகத்தான் வைத்திருந்தார். நான் அதன் முனையைப் பிடித்து மெல்ல வளைத்து, உலையிலிருந்து விலக்கி வைத்தேன். விலகிய கம்பி சூட்டைக் குறைத்துக் காட்டும். கம்பி இளஞ்சூடு என்று காட்டும், உள்ளே கல் உருகி ஓடும். அவர் வந்ததும் காட்டினேன்.

"நானா இப்படி வச்சேன்?" என்றார்.

"வேற யார் மாப்பிள்ளை வச்சது?"

அவர் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தலைவரிடம் சொல்லலாமா என்று கேட்டார். இப்போது போய்ச் சொன்னால் சாக்குச் சொல்கிறார் என்பார்கள், கைப்பிழையும் சேர்ந்துகொள்ளும் என்றேன். தலையாட்டினார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "அப்போ அதைக் கெடுத்தது நான்தானா மச்சான்?" என்றார். நான் அவர் தோளில் கையை மட்டும் வைத்தேன். வாயைத் திறக்காத வரைக்கும் அது பொய்யில் சேராது என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன் அப்போது.

அதற்குப் பிறகு அவர் பழைய ஆள் இல்லை. தலைவர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டவர் இதைத் தாங்கவில்லை. கல் பொய் சொல்லவில்லை, தன் கைதான் பொய் சொன்னது என்று ஆகிவிட்டது. தேநீர்க் கோப்பையை எடுக்கும்போதுகூட இரண்டு கையாலும் பிடிப்பார். என்னைச் சீண்டுவது நின்றுபோனது. ஆர்கான் பேச்சு அந்த வீட்டில் அப்புறம் எழவே இல்லை. எனக்கு அது உறுத்தியது. எப்படியாவது அவரைத் தேற்ற வேண்டும் என்று, இன்னொரு கல் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் மாப்பிள்ளை என்று சொல்லிவைத்தேன். அந்த உப்புப் படுகையில் விழுந்தது ஒரே ஒரு துண்டாக இருக்காது, கூட்டமாகத்தான் விழுந்திருக்கும் என்றும் சொன்னேன். அது உண்மைதானே. கோடை ஆரம்பித்திருந்தது.

"வெயில் தணியட்டும், அப்புறம் போகலாமே" என்றாள் தங்கை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் அவர் கேட்பார்.

"போயிட்டு வரட்டுமே பாப்பா. மனசுக்கு ஒரு மாறுதலா இருக்கும்" என்றேன். என் மனசில் அப்போது வேறு எதுவும் இல்லை. அப்படித்தான் நினைக்கிறேன்.

போன சில நாளில் ஃபோன் செய்தார். தங்கை பள்ளிக்கூடத்தில் இருந்தாள், நான்தான் எடுத்தேன். பழைய குரல் திரும்பி வந்திருந்தது.

"மச்சான், கிடைச்சிடுச்சு. அதே கல்லு. கறுப்புக் கண்ணாடி ரெண்டு மூணு இடத்துல இருக்கு. இந்தத் தடவை தெர்மோகப்பிளை நீங்களே வச்சிடுங்க, நான் கிட்டவே வரமாட்டேன்."

நல்லது மாப்பிள்ளை, சீக்கிரம் வாருங்கள் என்றேன்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும். வடக்கு ஓரமா, இடிஞ்ச உப்புக் கிடங்கைத் தாண்டிப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். ஜீப் இருக்கு, தனியாத்தான் போறேன். அவகிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவா. பெட்டியை மட்டும் இறக்கி வைக்கச் சொல்லுங்க."

பெட்டியைப் பற்றி மட்டும் சொன்னேன். அன்று சாயங்காலமே அவள் பரணில் ஏறி அதை இறக்கி, ஈரத்துணியால் துடைத்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் ஜீப் வாடகைக்குக் கொடுத்தவர் கூப்பிட்டார். ஆள் திரும்பி வரவில்லை, படுகை ரொம்பப் பெரிசு, வெளிச்சம் போவதற்குள் ஒரு பக்கமாகத்தான் தேட முடியும். "சார், எந்தப் பக்கம் போறேன்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்றார். தங்கை என் எதிரே நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லையே. எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். நான் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. வாயில் அதுதான் வந்தது. ஜீப் அவ்வளவு பெரிது, எப்படியும் கண்ணில் பட்டுவிடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஞாபகம் வந்த மாதிரி கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். அவர்கள் தெற்குப் பக்கம், அவர் முதலில் கல் எடுத்த இடத்தைச் சுற்றித் தேடினார்கள். தங்கை சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்துகொண்டாள். அம்மா அப்பா போனபோது அப்படிச் சாய்ந்தவள், அதற்கப்புறம் அன்றைக்குத்தான். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எழுந்து போய் ஃபோனை எடுக்க வேண்டும் என்றால் அவளை நகர்த்த வேண்டும். சந்தோஷம் என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். நிம்மதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு நானாகவே கூப்பிட்டேன். "ஒரு யோசனைதான். வடக்கே ஏதோ பழைய கிடங்கு இருக்குமே, அந்தப் பக்கமும் ஒரு நடை பாருங்களேன்" என்றேன். போனவுடனே கிடைத்துவிட்டார். ஜீப்பின் சக்கரம் உப்புச் சேற்றில் புதைந்திருந்தது. அதை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறார். தண்ணீர் கேன் காலி. உடம்பில் சூடு ஆறியிருக்கவில்லை என்றார்கள், வெயிலா உயிரா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. முந்தின சாயங்காலம் பார்த்திருந்தால் ஒரு சொம்புத் தண்ணீரில் பிழைத்திருப்பார் என்று ஜீப்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவர்தான் என்னிடம், உங்கள் யோசனை இல்லாவிட்டால் உடம்புகூடக் கிடைத்திருக்காது சார் என்றும் சொன்னார். தங்கை என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீதாண்ணா எனக்கு அவரைக் கண்டுபிடிச்சுக் கொடுத்த" என்றாள்.

இந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தின்கிறது. அவள் என்னைச் சபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வருஷா வருஷம் அந்த நாள் வரும்போது இதையே சொல்கிறாள், வருகிறவர்களிடமும் சொல்கிறாள், நேற்று உங்களிடமும் சொன்னாள், நீங்களும் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தீர்கள். என்னால் ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடிக்க முடிவதில்லை. வேலையை விட்டுவிட்டேன். வீட்டோடு இருக்கிறேன், சமைக்கிறேன், அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கதவைத் திறந்துவிடுகிறேன். மாடி அறையைப் பூட்டியாயிற்று. இரண்டு தட்டுதான் இப்போது.

பையில் இருந்த கல்லை அவள் புத்தக அலமாரியில் வைத்திருந்தாள். கொடு, நான் அளந்து பார்க்கிறேன் என்று பல தடவை கேட்டேன். வேண்டாம் அண்ணா, உனக்கு மனக்கஷ்டமாகிவிடும் என்பாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உங்களுக்கு அனுப்பிவிட்டாள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது.

எனவே கசிவு என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. உண்மை என்னவோ அதை எழுதுங்கள். கல்லின் காற்றை நான் வெளியே விட்டேன், பழியை அவர் கையில் வைத்தேன், அவர் இருக்கிற இடம் தெரிந்தும் தெரியாது என்றேன். கொலை என்று நீங்கள் பெயர் வைத்தால் நான் வாதாடமாட்டேன். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். எனக்கு எந்தத் தண்டனை வந்தாலும் குறைவுதான்.

காபி ஆறிப்போகிறது, குடியுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் யோசிக்க வேண்டும். அவளை உங்கள் ஊருக்கு அழைத்துப் போகிறேன் என்கிறீர்கள். கல்லுக்கு அவர் பெயரை வைப்பது, மேடையில் அவளை உட்காரவைப்பது, அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கித் தருவது, எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனால் இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் அவளை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இதை மறைத்துப் பழக உங்களால் முடியுமா? எனக்குப் பழகிவிட்டது, உங்களுக்கு முடியாது, உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என்றைக்காவது சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் அவள் கதி என்ன? புருஷன் போய்விட்டான், அண்ணனும் இப்படி என்றால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? இங்கே இருந்தால் அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். நான் பார்த்துக்கொள்வேன். இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஏதாவது காரணம் சொல்லி நீங்களே பயணத்தை நிறுத்திவிடுவதுதான் அவளுக்கு நல்லது, நான் சொன்னால் மனசு வருத்தப்படுவாள்.

கேட் திறக்கிற சத்தம், அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், அவள் சட்டென்று கவனித்துவிடுவாள். அவளைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?